கிருத்திகை விரதமும் பக்கத்து வீட்டுக் கட்டிலும்

ஓம் சரவணபவ!



நாளைக்குக் கிருத்திகை. நம்மள்ல பல பேர் விரதம் இருப்பீங்க. லீவு கிடைச்சவங்க மருதமலை படி ஏறுவீங்க. கிடைக்காதவங்க காலையில குளிச்சு, நெத்தி நிறையத் திருநீறு பூசி, லேப்டாப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி கவசம் ஒரு தடவை சொல்லிடுவீங்க. எல்லாமே நல்லது. முருகன் ஏத்துக்குவான்.

இன்னிக்கு ஒரே ஒரு கேள்வி. முருகன் அவதரிச்ச நட்சத்திரம் எது? விசாகம். அதனாலதான் வைகாசி விசாகம் கொண்டாடறோம். அப்படின்னா மாசாமாசம் நாம விரதம் இருக்க வேண்டியது விசாகத்துக்குத்தானே? ஏன் கார்த்திகை நட்சத்திரத்துக்கு இருக்கோம்?

பதில் கந்தபுராணத்துல இருக்கு. சிவபெருமானின் நெற்றிக்கண்ணிலிருந்து ஆறு தீப்பொறிகள் வந்தன. அக்னியும் வாயுவும் அவற்றைச் சுமந்து போய்க் கங்கையில் விட்டார்கள். கங்கை அவற்றைச் சரவணப் பொய்கையில் சேர்த்தாள். ஆறு தாமரைகளில் ஆறு குழந்தைகள். அந்தக் குழந்தைகள் அழுதபோது பால் கொடுத்தவர்கள் யார்? கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். அவங்க பெத்த தாய் இல்லை, சொந்தபந்தமும் இல்லை. குழந்தைங்க இருந்த இடத்துல இருந்தாங்க, அழுகை கேட்டுச்சு, எடுத்து வெச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

அப்புறம் பார்வதி தேவி வந்து ஆறு குழந்தைகளையும் சேர்த்து அணைத்து ஒரே கந்தனாக்கினாள். அந்த நேரத்துல சிவபெருமான் கார்த்திகைப் பெண்களை "சரி, உங்க வேலை முடிஞ்சுது, போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிடலை. உங்கள் நட்சத்திர நாளில் விரதம் இருப்பவர்களுக்கு என் அருள் உண்டு என்று வரம் கொடுத்தார். அந்த வரம்தான் நம்ம கிருத்திகை.

ஆக, நாளைக்கு நாம இருக்கப்போற விரதம், பெறாத பிள்ளையைப் பாத்துக்கிட்ட ஆறு பேருக்கு ஊரே நன்றி சொல்ற விரதம். முருகனும் அந்த நன்றியை மறக்கலை. கார்த்திகைப் பெண்கள் வளர்த்ததால கார்த்திகேயன். கங்கை ஏந்தினதால காங்கேயன். சரவணப் பொய்கையில கிடந்ததால சரவணபவன். தன்னைத் தாங்கினவங்க பேரையெல்லாம் தன் பேராவே வெச்சுக்கிட்ட சாமி நம்ம சாமி.

இதை மனசுல வெச்சுக்கிட்டு இப்போ உங்க தெருவைப் பாருங்க.

ஒருத்தருக்கு வாதம் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தா முதல் வாரம் கூட்டம் வரும். ஆப்பிள், ஹார்லிக்ஸ், சாத்துக்குடி எல்லாம் வரும். ரெண்டாவது மாசம் போன் மட்டும் வரும். ஆறாவது மாசம் அதுவும் நின்னுடும். யார் மேலயும் தப்பு இல்லை, அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு. ஆனா கட்டில்ல படுத்திருக்கிறவர் படுத்தேதான் இருக்கார். வாதம், முத்தின சர்க்கரை, கிட்னி போய் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை டயாலிசிஸ், மறதி நோய், புற்றுநோய், முதுகுத்தண்டுல அடி. இதெல்லாம் பத்து நாள்ல முடியற காய்ச்சல் கிடையாது. வருஷக்கணக்கு.

எழுந்து உக்கார முடியாத ஒருத்தரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும்னு நர்ஸுங்க சொல்லிக் கொடுப்பாங்க. இல்லைன்னா இடுப்புக்குக் கீழேயும் குதிகால்லயும் படுக்கைப்புண் வந்துடும். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு 12 தடவை. மாசத்துக்கு 360 தடவை. அதுல பாதி ராத்திரியில. இதைப் பெரும்பாலான வீட்ல செய்யறது ஒரே ஒரு ஆள். மனைவியோ, மகளோ, மருமகளோ.

ஐ.டி.ல இருக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரே ஒரு சர்வரை நம்பி ஒரு சிஸ்டம் ஓடுச்சுன்னா என்ன சொல்லுவோம்? அது விழுந்தா எல்லாமே விழும்னு பயப்படுவோம். மாத்து சர்வர் வைப்போம். ராத்திரி டியூட்டிக்கு ஆள் மாத்தி ஆள் போடுவோம். ஒரு கம்பெனியோட வெப்சைட்டுக்கு இவ்வளவு பாக்கிற நாம, ஒரு வீட்டுக்கு ஏன் பாக்கறதில்லை? அந்த மருமகளுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா அந்தக் கட்டிலுக்கு யார் பொறுப்பு?

கைலாசநாதன் பிள்ளைக்கே ஒரு ஆள் போதலை. ஆறு பேர் தேவைப்பட்டுச்சு. இதை நாம மறந்துடக் கூடாது.

எங்க தெருவுல நடக்கிறதைச் சொல்றேன். பேர் வேண்டாம், அவங்க வீட்டு விஷயம். ஒரு அப்பாருக்கு வாதம் வந்து வலது பக்கம் முழுசா விழுந்துடுச்சு. பசங்க வெளியூர். பாட்டி ஒருத்தங்கதான். தெருக்காரங்க அஞ்சாறு பேர் சேர்ந்து முறை போட்டுக்கிட்டோம். ரிட்டையர் ஆன நர்ஸ் அக்கா ஒருத்தங்க இருக்காங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவங்க. எப்படித் தூக்கணும், எப்படித் திருப்பணும், முதுகுத்தோல் செவந்திருக்கான்னு எப்படிப் பாக்கணும், சாப்பாடு கொடுக்கும்போது தலையணை எவ்வளவு உயரம் வைக்கணும்னு எல்லாருக்கும் அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. எனக்குச் சனிக்கிழமை சாயந்திரம் முறை. தையல் கடை வெச்சிருக்கிற பாய் ஒருத்தர், கடை லீவு நாள்ல வந்து அப்பாருக்கு ஷேவ் பண்ணி உடம்பு துடைச்சு விடுவார்.

ஒரு நாள் அந்த நேரத்துல நானும் இருந்தேன். அப்பாரோட பழைய செல்போன்ல கவசம் ஓடிக்கிட்டிருந்தது. கவசம் எப்படிப் போகும்னு நமக்குத் தெரியும். நெத்தி, கண்ணு, காது, மூக்கு, கன்னம், கழுத்து, மார்பு, முதுகு, கை, விரல், தொடை, முழங்கால், பாதம்னு ஒவ்வொரு உறுப்பா வேல்கிட்ட ஒப்படைச்சுக்கிட்டே போகும். இந்தப் பக்கம் பாய் வெந்நீர்ல துணியை நனைச்சு நெத்தியைத் துடைச்சார். அப்புறம் கண்ணோரம். காது மடலுக்குப் பின்னாடி. கழுத்து. மார்பு. முதுகைத் திருப்பி அங்க. அப்புறம் விரல் இடுக்கு. கவசத்தோட வரிசையும் அவர் கையோட வரிசையும் கிட்டத்தட்ட ஒண்ணு. அவருக்கு அந்தப் பாட்டு தெரியாது. அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். மகரிப் நேரம் வந்ததும் பாட்டியே துவைச்ச துண்டு ஒண்ணை எடுத்துப் பக்கத்து ரூம்ல விரிச்சுக் கொடுத்தாங்க. தொழுதுட்டு வந்து மீதி வேலையை முடிச்சார்.

தேவராய சுவாமிகள் கந்த சஷ்டி கவசத்தை அரங்கேற்றின இடம்னு நம்ம சென்னிமலையைச் சொல்லுவாங்க. கொங்கு மண்ணோட பெருமை அது. அந்தக் கவசத்தை நாம தினமும் சொல்றோம். "என் முதுகைக் காப்பாத்து, என் பாதத்தைக் காப்பாத்து"ன்னு கேக்கறோம். முருகன் எப்படிக் காப்பாத்துவான்னு நினைக்கறீங்க? படுத்த படுக்கையா இருக்கிறவரோட முதுகை வேல் எப்படிக் காக்கும்? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது திருப்பிப் படுக்க வெச்சாத்தான் காக்கும். அப்படித் திருப்புற கைதான் அந்த நேரத்துக்கு வேல். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் எந்தச் சாமியைக் கும்பிடறார்னு வேல் கேக்காது.

"இது ஏதோ ஒரு தெருவுல நடக்கிற கதை, ஊர் அளவுல நடக்குமா?"ன்னு கேக்கலாம். நடந்திருக்கு. ரொம்ப தூரத்துல இல்லை, வாளையார் தாண்டினா அந்தப் பக்கம். கோவையில இருந்து கோழிக்கோடு போற ரயில்ல ஏறினா, ஷொரணூர் தாண்டிக் குட்டிப்புரம், திரூர்னு ஊர்கள் வரும். அது மலப்புரம் மாவட்டம். இஸ்லாமியர்கள் அதிகம், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்து வாழற மாவட்டம்.

1993ல கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் மாதிரி சில பேர் சேர்ந்து வலி நிவாரணத்துக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. புற்றுநோய் முத்தி வலியில துடிக்கிறவங்களுக்கு மருந்து கொடுக்கிற கிளினிக். ஆனா கிளினிக் வரைக்கும் வர முடியாதவங்கதான் அதிகம். வீட்டுக்குப் போகணும். வீட்டுக்குப் போக எத்தனை டாக்டர் இருப்பாங்க? அப்போதான் வழி மாத்தினாங்க. 2000க்குப் பிறகு மலப்புரத்துல, நோயாளியோட அக்கம்பக்கத்துக்காரங்களையே தயார்ப்படுத்த ஆரம்பிச்சாங்க. கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். வாரத்துக்குக் குறைஞ்சது 2 மணி நேரம் உங்களால கொடுக்க முடியுமா? முடியும்னா 16 மணி நேரம் வகுப்பு, அப்புறம் 4 நாள் நேரடிப் பயிற்சி. ஆட்டோ ஓட்டறவங்க, டீச்சருங்க, கடைக்காரங்க, காலேஜ் பசங்க, வீட்டுப் பெண்கள்னு எல்லா மதத்துல இருந்தும் வந்தாங்க. பணமும் பெரும்பாலும் உள்ளூர்லயே, சின்னச் சின்னத் தொகையா, கடை உண்டியல்ல விழற சில்லறை மாதிரிச் சேர்ந்தது.

டாக்டரும் நர்ஸும் மருத்துவத்தைப் பாத்துக்கிட்டாங்க. மீதியை அக்கம்பக்கம் பாத்துச்சு. அந்த வீட்டுக்கு அரிசி இருக்கா, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாச்சா, பாத்துக்கிறவங்க கடைசியா எப்போ தூங்கினாங்க, இதெல்லாம். 2008ல கேரள அரசு இதுக்குன்னு தனிக் கொள்கையே அறிவிச்சது. இந்தியாவுல ஒரு மாநிலம் அப்படிச் செஞ்சது அதுதான் முதல் தடவை. உலகத்துல ஒவ்வொரு வருஷமும் சுமார் 5.68 கோடிப் பேருக்கு இந்த மாதிரி ஆதரவு சிகிச்சை தேவைப்படுது, அதுல 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்குதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த நிலையில ஒரு மாவட்டம், வாரம் ரெண்டு மணி நேரத்தை வெச்சு இவ்வளவு செஞ்சு காட்டியிருக்கு.

நம்ம தமிழ்நாட்டுலயும் ஒரு பெரிய கதவு திறந்திருக்கு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் ஆரம்பிச்சாங்க. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கறாங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வர்றாங்க. வீட்லயே டயாலிசிஸ் செஞ்சுக்கிறவங்களுக்குப் பையும் கொடுக்கறாங்க. 2024ல இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைச்சது. பெருமையா இருக்கு. ஆனா அந்த நர்ஸ் எத்தனை வீட்டுக்குப் போவாங்க? அவங்க வந்துட்டுப் போன பிறகு அடுத்து அவங்க வர்ற வரைக்கும் நாட்கள் இருக்கு. அந்த நாட்கள் யாரோடது? அக்கம்பக்கத்தோடது. நம்மோடது.

இப்போ தென்காசிப் பக்கம் போவோம். ஆய்க்குடி. பாலசுப்பிரமணிய சுவாமி குடிகொண்ட ஊர். அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன், நம்மள மாதிரியே இன்ஜினியரிங் படிச்ச பையன். 1975ல கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்துல கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழ உடம்பு செயலிழந்து போச்சு. படுக்கையில இருந்த அந்த மனுஷர் 1981ல ஆய்க்குடியில மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு அமைப்பைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு வாழ்க்கை கொடுத்த அமைப்பு. 2020ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

அந்த அமைப்புக்கு அவர் என்ன பேர் வெச்சார் தெரியுங்களா? அமர் சேவா சங்கம். ராணுவ மருத்துவமனையில தனக்கு சிகிச்சை கொடுத்துத் தைரியமும் கொடுத்த டாக்டர், விமானப்படை அதிகாரி அமர்ஜித் சிங் சாஹலோட பேர் அது. தலைப்பாகை கட்டின ஒரு சீக்கியர் பேரு, முருகன் ஊர்ல, இன்னிக்கும் போர்டுல இருக்கு. தன்னைத் தாங்கினவங்க பேரைத் தன்னோட சேர்த்து வெச்சுக்கிறது நம்ம சாமிகிட்ட இருந்து வந்த பழக்கம்னு எனக்குத் தோணும்.

சில பேருக்கு இன்னும் மனசுல சந்தேகம் இருக்கும். நியாயமான சந்தேகங்கள்தான். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் சந்தேகம்: "நம்ம ஆளுங்களை நாம பாத்துக்கிட்டாப் போதாதா?" கேக்க நல்லாத்தான் இருக்கு. நடைமுறைக்கு வராது. மத்தியானம் மூணு மணிக்கு அப்பாரு படுக்கை நனைஞ்சிருச்சு, பாட்டியால தனியாத் தூக்க முடியலை. அப்போ வடவள்ளியில இருக்கிற ஒரு முருக பக்தர் பஸ் ஏறி வர்ற வரைக்கும் அவர் ஈரத்துலயே கிடக்கணுமா? பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டணும். அந்தக் கதவுக்குப் பின்னாடி யார் இருக்காங்களோ அவங்கதான் அன்னிக்குக் கார்த்திகைப் பெண். பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது வழியில தண்ணி கொடுக்கிறவங்க, மோர் கொடுக்கிறவங்க, காலுக்கு மருந்து தடவி விடறவங்க, இவங்ககிட்ட எல்லாம் ஜாதகம் கேட்டுட்டா வாங்கிக்கறோம்?

ரெண்டாவது சந்தேகம்: "உதவிங்கற பேர்ல மதத்தை மாத்திடுவாங்களோ?" இதை நான் லேசா ஒதுக்க மாட்டேன். படுக்கையில இருக்கிறவங்க பலவீனமா இருப்பாங்க. அந்த நேரத்துல அவங்க நம்பிக்கையில யார் கை வெச்சாலும் அது தப்பு. அதுக்குத்தான் எங்க முறைப் பட்டியல்ல முதல் விதியே இது: செருப்பைக் கழட்டி விடற இடத்துலயே பிரசங்கத்தையும் கழட்டி வெச்சுடணும். நோயாளி எந்தச் சாமியைக் கேக்கறாரோ அந்தச் சாமி. அப்பாரு கவசம் கேட்டா கவசம். அடுத்த தெருவுல இருக்கிற பெரியம்மா குர்ஆன் ஓதறதைக் கேக்கணும்னா அதைப் போட்டு விடணும். இன்னொருத்தங்க பைபிள் படிக்கச் சொன்னா படிச்சுக் காட்டணும். இந்த விதி மத்தவங்களுக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான். அந்தப் பெரியம்மா நெத்தியில நாம திருநீறு பூசக் கூடாது. "முருகனை வேண்டிக்குங்க, சரியாயிடும்"னு சொல்லவும் கூடாது. வேண்டிக்கிறதை நாம வேண்டிக்கலாம், நம்ம வீட்டுப் பூஜை ரூம்ல. நம்ம நெத்தியில இருக்கிற திருநீறு நம்ம நெத்தியில இருக்கட்டும். அதை யாரும் அழிக்கச் சொல்லலை.

மூணாவது சந்தேகம், இது நம்ம பக்கத்துலயே வர்றது: "அவங்கவங்க வினை, அனுபவிச்சுத்தானே ஆகணும்?" அடியார்களே, அவங்க வினை என்னன்னு பாக்கிற அக்கவுண்ட் புக் நம்ம கையில இல்லை. நம்ம முறை என்னிக்குன்னு பாக்கிற பட்டியல் மட்டும்தான் நம்ம கையில இருக்கு. அருணகிரிநாதர் வாழ்க்கை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்துல இருந்து விழுந்தப்போ முருகன் கணக்குக் கேட்கலைன்னு பெரியவங்க சொல்லுவாங்க. முதல்ல கைகளால தாங்கினான். அப்புறம்தான் பாட்டு.

கதிர்காமத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. இலங்கையில நம்ம கந்தனுக்குப் பெரிய தலம். அந்தப் புனித பூமியில முருகன் சன்னதியும் இருக்கு, கிரி விகாரைங்கற பௌத்தத் தூபியும் இருக்கு, கிழ்ர் நபி பேர்ல இஸ்லாமியர்கள் போற்றுற இடமும் பள்ளிவாசலும் இருக்கு. அங்க அவனுக்கு இடம் குறைஞ்சு போயிடலை. ஒரு கட்டிலைச் சுத்தி மூணு மதத்துக்காரங்க நின்னா மட்டும் குறைஞ்சுடுமா?

நம்ம கோவையைப் பத்தியும் ஒரு வார்த்தை. 1998 பிப்ரவரி 14. என் வயசுக்காரங்க பிறந்த சமயம். குண்டு வெடிச்சு 58 பேர் செத்துப் போனாங்க. அதுக்கு முந்தின நவம்பர்ல கலவரத்துலயும் உயிர் போச்சு. நாம யாரும் அதைப் பார்க்கலை. ஆனா அதோட நிழல்லதான் வளர்ந்தோம். "அந்த ஏரியாப் பக்கம் போகாதே", "அவங்களோட ரொம்ப வெச்சுக்காதே"ன்னு ரெண்டு பக்கமும் பிள்ளைங்களுக்குச் சொல்லி வளர்த்தாங்க. பயந்தவங்க சொன்னது, குத்தம் சொல்லலை. ஆனா நர்ஸ் அக்கா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயம் இந்த ஊருக்கும் பொருந்தும். ஆழமான புண்ணை மேல மூடி வெச்சா ஆறாது. தினமும் ஒருத்தர் கிட்டப் போய், முகம் சுளிக்காம, சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டா உள்ள இருந்து மெதுவா ஆறிக்கிட்டு வரும். நல்லிணக்க மாநாடு போடறதும் நல்லதுதான். ஆனா பாய் ஒருத்தர் அப்பாரு முதுகைத் துடைக்கிறதையும், நம்ம பையன் ஒருத்தன் அந்தப் பெரியம்மாவை டயாலிசிஸுக்கு வண்டியில ஏத்தி விடறதையும் தினமும் பாத்து வளர்ற குழந்தைகிட்ட, பின்னால யார் வந்து வெறுப்பைச் சொன்னாலும் அது ஒட்டாது.

இங்கிலாந்துல சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு அம்மா இருந்தாங்க. நர்ஸா இருந்து, சமூகப் பணியாளரா இருந்து, அப்புறம் டாக்டருக்கே படிச்சவங்க. 1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தை ஆரம்பிச்சாங்க. நோயாளியோட வலிங்கறது உடம்பு வலி மட்டும் இல்லை, மனசு வலி, குடும்பத்தையும் பணத்தையும் பத்தின வலி, "எனக்கு ஏன் இப்படி"ன்னு கடவுளைக் கேக்கிற வலி, எல்லாம் சேர்ந்த மொத்த வலின்னு சொன்னவங்க அவங்கதான். உடம்பு வலிக்கு டாக்டர் மருந்து தருவார். மீதி வலிக்கெல்லாம் பக்கத்துல உக்கார ஒரு ஆள் வேணும். முருகன் படத்துக்குக் கீழ "யாமிருக்க பயமேன்"னு போட்டிருக்குமே, படுத்திருக்கிறவங்க கேக்க ஆசைப்படறது அந்த ஒரு வார்த்தையைத்தான். "நான் இருக்கேன், பயப்படாதீங்க." அதைச் சொல்ல எம்.பி.பி.எஸ். வேண்டாம். சொன்ன நேரத்துக்குத் தவறாமப் போய் நின்னாப் போதும்.

எங்க முறை ஆரம்பிச்சு சில வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை, "நீங்க ரெண்டு மணி நேரம் எங்கயாவது போயிட்டு வாங்க பாட்டி, நான் பாத்துக்கறேன்"னு சொன்னேன். எங்க போனாங்கன்னு நினைக்கறீங்க? மருதமலைக்கு. எட்டு மாசமா மலை அடிவாரத்தைக்கூட அவங்க மிதிக்கலை. திரும்பி வந்து திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில கொடுத்து, "நல்லா இருப்பே கண்ணு, சாமியைக் கண்ணு நிறையப் பாத்துட்டேன்"னாங்க. நான் அன்னிக்கு மலை ஏறலை. ஆனா என்னால ஒருத்தங்க ஏறினாங்க. அதுவும் தரிசனம்தான்.

சரி, என்ன செய்யலாம்? எளிமையாச் சொல்றேன்.

உங்க தெருவுல யார் நீண்ட நாளாப் படுக்கையில இருக்காங்கன்னு தெரிஞ்சுக்குங்க. நேராப் போங்க. "ஏதாவது உதவி வேணுமா?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் "பரவாயில்லைங்க"ன்னுதான் சொல்லுவாங்க. "சனிக்கிழமை நாலுல இருந்து ஆறு வரைக்கும் நான் வர்றேனுங்க, நீங்க தூங்குங்க"ன்னு நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்க.

ஆறு பேரைச் சேருங்க. மதம் பார்க்காதீங்க, தூரம் பாருங்க. நடந்து வர்ற தூரத்துல இருக்கணும். ஒருத்தர் வர முடியலைன்னா இன்னொருத்தர் வரணும். சாமி பல்லக்கு தூக்கிறவங்க தோள் மாத்திக்கிற மாதிரி.

தூக்கறது, திருப்பறது, ட்யூப் இருந்தா பாத்துக்கிறது, இதையெல்லாம் தெரிஞ்சவங்ககிட்டக் கத்துக்காமச் செய்யாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்க் கேட்டா "மக்களைத் தேடி மருத்துவம்" ஆட்களைப் பத்திச் சொல்லுவாங்க, அவங்க வீட்டுக்கு வரும்போது கூட நின்னு கத்துக்குங்க. மருந்து விஷயத்துல நம்ம புத்தியைக் காட்டவே கூடாது, டாக்டர் சொன்னதுதான். தூக்கத் தெரியலைன்னாலும் பரவாயில்லை. மருந்துக் கடைக்குப் போறது, கரண்ட் பில் கட்டறது, பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லித் தர்றது, இதுவும் முறைதான்.

போட்டோ எடுக்காதீங்க. ஸ்டேட்டஸ், ரீல்ஸ் எதுவும் வேண்டாம். படுத்திருக்கிறவருக்கு மானம் இருக்கு. நீங்க போனது முருகனுக்குத் தெரிஞ்சாப் போதும்.

கடைசியா, தொடர்ந்து போங்க. ஒரே நாள்ல எட்டு மணி நேரம் உக்காந்துட்டு அப்புறம் காணாமப் போறதை விட, வாரம் ரெண்டு மணி நேரம் வருஷம் முழுக்கப் போறதுதான் அவங்களுக்கு உதவி. விரதமும் அப்படித்தானே? ஒரு நாள் பட்டினி கிடக்கிறதுல என்ன இருக்கு? மாசாமாசம் விடாம இருக்கிறதுலதான் இருக்கு.

காங்கேயம் பக்கம் சிவன்மலையில ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கு. பக்தர் கனவுல முருகன் சொல்ற பொருளை அதுல வைப்பாங்க. பொருள் மாறின அன்னிக்கே அந்த போட்டோ நம்ம எல்லார் போனுக்கும் வந்துடும். "இதுக்கு என்ன அர்த்தம், நாட்டுக்கு என்ன நடக்கும்?"னு பேசுவோம். அந்தப் பெட்டியை நானும் பயபக்தியோடதான் கும்பிடறேன். ஆனா நமக்குன்னு வர்ற உத்தரவு எல்லாமே கண்ணாடிப் பெட்டியில வராது. சில உத்தரவு ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் வழியா ஒரு முனகலா வரும்.

நாளைக்குக் காலையில விரதத்தை ஆரம்பிக்கும்போது, முருகன் பேருக்கு முன்னாடி அந்த ஆறு பேரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. உங்களுக்கு வாழ்க்கையில பால் கொடுத்த, பாத்துக்கிட்ட, சொந்தம் இல்லாத ஆறு பேர் யாருன்னும் யோசிச்சுப் பாருங்க. அந்தப் பட்டியல்ல எல்லாரும் திருநீறு பூசினவங்களாவே இருப்பாங்கன்னு சொல்ல முடியாது. அப்புறம் சாயந்திரம் விரதம் முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கதவைத் தட்டுங்க.

இதை 11 பேருக்கு அனுப்பினா நல்ல சேதி வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஒரே தெருவுல இருக்கிற அஞ்சு பேருக்கு அனுப்புங்க. உங்களோட சேர்த்து ஆறு. யாரோ ஒரு வீட்ல ஒரு பாட்டி நிம்மதியாத் தூங்குவாங்க. அதைவிட நல்ல சேதி என்ன இருக்கு?

முருகா, படுக்கையில இருக்கிற எல்லாருக்கும் வலியைக் குறை. அவங்களைப் பாத்துக்கிறவங்களுக்குத் தூக்கத்தைக் கொடு. எங்க கைக்கு வேலையைக் கொடு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
மருதமலை ஆண்டவருக்கு அரோகரா!